எதற்கு எது இணை? – ஆங்கில வாக்கியத் திருத்தம் பற்றிச் சில சிந்தனைகள்

நம் சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஞாயிறு காலை பாலர் வகுப்பு நடக்கும் அதே நேரத்தில், மாடியில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கீழே 'அம்மா, ஆடு, இலை'. மேலே 'சென்டென்ஸ் கரெக்‌ஷன்'. தமிழ்ச் சங்கத்தில் ஆங்கிலத்துக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. தில்லிக்கு வந்த நம்மில் பலருக்கு இந்த ஊரில் அரிசி வாங்கிக்கொடுத்தது அந்த மொழிதான் என்பதை அவர்களுக்குப் பணிவுடன் நினைவூட்டுகிறேன். வருகிற பிள்ளைகளில் சிலர் வங்கித் தேர்வுக்கும், சிலர் எஸ்.எஸ்.சி. தேர்வுக்கும் படிக்கிறார்கள். ஓய்வு பெற்ற எனக்கும் பொழுது போகிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் எழுந்து கேட்ட கேள்வியில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை. மே மாதத்தில் தில்லியில் அடிக்கும் ஆந்தியை வைத்து நான் கரும்பலகையில் இரண்டு வாக்கியங்கள் எழுதியிருந்தேன். முதலாவது: "தி ஸ்டார்ம் அப்ரூட்டட் ட்ரீஸ், ஸ்னாப்ட் பவர் லைன்ஸ் அண்ட் பிளாக்ட் ரோட்ஸ்." இரண்டாவது: "தி ஸ்டார்ம் அப்ரூட்டட் ட்ரீஸ், ஸ்னாப்பிங் பவர் லைன்ஸ் அண்ட் பிளாக்கிங் ரோட்ஸ்." எது சரி என்று கேட்டேன்.

"அங்கிள், ரெண்டுமே சரியாத்தானே இருக்கு? மூணும் ஒரே மாதிரி முடியணும்னு புக்குல போட்டிருக்கு. அப்போ ஃபர்ஸ்ட் ஒன்தான் ஆன்ஸரா?"

அவள் படித்த புத்தகத்தைக் குறை சொல்ல மாட்டேன். எல்லா வழிகாட்டி நூல்களும் 'பாரலலிசம்' என்ற தலைப்பில் அதைத்தான் சொல்கின்றன. 'அண்ட்', 'ஆர்', 'பட்' போன்ற சொற்களால் கோக்கப்படும் உறுப்புகள் ஒரே இலக்கண வடிவில் இருக்க வேண்டும். 'டான்ஸிங், சிங்கிங் அண்ட் டு பெயின்ட்' என்றால் பிழை. மூன்றையும் 'இங்' ஆக்கு, அல்லது மூன்றையும் 'டு' ஆக்கு. நான் வகுப்பில் இதை இணையமைப்பு என்று சொல்கிறேன். விதி சரியானதே. ஆனால் அது பாதி விதி. ஒரே வடிவில் இருக்க வேண்டியவை எவை என்று அது சொல்வதில்லை. அதை முடிவு செய்வது வாக்கியத்தை எழுதியவரின் கருத்து.

ஆந்தி வாக்கியத்தையே பாருங்கள். முதல் வாக்கியத்தில் புயல் மூன்று வேலைகளைச் செய்தது: மரத்தைச் சாய்த்தது, மின்கம்பியை அறுத்தது, சாலையை மறித்தது. மூன்றும் சரிசமம். ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இரண்டாவது வாக்கியத்தில் புயல் செய்தது ஒரே ஒரு வேலை, மரங்களைச் சாய்த்தது. அப்படிச் சாய்ந்ததன் விளைவாகக் கம்பிகள் அறுந்தன, சாலைகள் மறிக்கப்பட்டன. அங்கே 'ஸ்னாப்பிங்' என்பதும் 'பிளாக்கிங்' என்பதும் ஒன்றுக்கொன்று இணை. 'அப்ரூட்டட்' என்பதற்கு அவை இணையல்ல, அதன் கீழே தொங்குபவை. ஆகவே இலக்கணப்படி இரண்டும் சரி. நடந்தது எதுவோ அதுதான் விடை. மறுநாள் மின்வாரியத்தார் வந்து, கம்பி அறுந்தது காற்றாலா, பக்கத்து வீட்டு வேப்பமரம் விழுந்ததாலா என்று விசாரித்தால், எந்த வாக்கியத்தை எழுதித் தருகிறோம் என்பதைப் பொறுத்துப் பக்கத்து வீட்டுக்காரரின் தலையெழுத்து மாறிவிடும்!

இந்த இடத்தில் நம் பிள்ளைகள் தடுமாறுவதற்குத் தாய்மொழியும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். "எழுந்து, பல் தேய்த்து, காபி குடித்து, பஸ் பிடித்து ஆபீஸ் போனார்" என்று நாம் வினையெச்சங்களாக அடுக்குவோம். முற்றுவினை கடைசியில் ஒன்றே ஒன்று. மற்றவை எல்லாம் அதன் மேல் சாய்ந்து நிற்கும். ஆங்கிலத்தில் அந்த ஐந்தும் ஐந்து முற்றுவினைகளாக, தோளோடு தோள் நிற்க வேண்டும். தமிழ் ஓசையை அப்படியே கொண்டுபோய், "கெட்டிங் அப், பிரஷ்ஷிங், டிரிங்கிங் காபி, ஹி வென்ட் டு ஆபீஸ்" என்று எழுதினால், பல் தேய்த்துக்கொண்டே காபி குடித்துக்கொண்டே அவர் அலுவலகம் போன மாதிரி ஆகிவிடும். 'புயல் மரங்களைச் சாய்த்து, கம்பிகளை அறுத்து, சாலைகளை மறித்தது' என்ற தமிழ் வாக்கியம் முன்பின் என்பதை மட்டும் சொல்கிறதா, காரணகாரியத்தைச் சொல்கிறதா என்பது கேட்பவர் ஊகத்துக்கு விட்ட விஷயம். நமக்கு அது உறுத்துவதில்லை. ஆங்கிலம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறது.

அதற்காகத் தமிழ் நமக்குப் பகை என்று நினைத்துவிடக் கூடாது. பல இடங்களில் அதுதான் நல்ல துணை. நம் எண்ணும்மையைப் பாருங்கள். "ஆடவும் பாடவும் படம் வரையவும் பிடிக்கும்" என்கிறோம். "ஆடவும், பாட்டும், படம் வரைவதும் பிடிக்கும்" என்று பள்ளிக்கூடமே போகாத நம் பாட்டிகூடச் சொல்ல மாட்டாள். காது இடம் தராது. தமிழில் 'உம்' ஒவ்வோர் உறுப்பின் வாலிலும் ஒட்டிக்கொள்வதால், பட்டியலில் எது சேர்த்தி, எது சேர்த்தி இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும். ஆங்கிலத்து 'அண்ட்' கடைசி உறுப்புக்கு முன்னால் ஒரே ஒரு முறை வந்து நிற்கும். பட்டியல் எங்கே தொடங்கிற்று என்பதை வாசிப்பவர் பின்னோக்கிப் போய்த் தேட வேண்டும்.

இதிலிருந்து பிள்ளைகளுக்கு ஒரு குறுக்குவழி சொல்லித் தருவேன். "தி மேனேஜர் செட் தட் சாலரீஸ் வுட் பி லேட் அண்ட் ஹி வாஸ் சாரி." மேலாளர் வருத்தம் தெரிவித்தாரா, அல்லது அவர் மனத்துக்குள் வருந்தினார் என்று எழுதியவர் தம் பங்குக்குச் சொல்கிறாரா? தெரியவில்லை. இதைத் தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். "சம்பளம் தாமதமாகும் என்றும், தமக்கு வருத்தமாக இருக்கிறது என்றும் சொன்னார்." இரண்டு 'என்றும்' வருகிறதா, அப்படியானால் ஆங்கிலத்திலும் இரண்டு 'தட்' போட்டுவிடு. தமிழில் 'என்றும்' ஒன்றுக்கு மேல் வரவில்லையானால் வாக்கியத்தை இரண்டாக வெட்டிவிடு. இந்த உபாயம் பத்துக்கு எட்டு இடங்களில் கைகொடுக்கிறது. 'நாட் ஒன்லி – பட் ஆல்சோ', 'ஐதர் – ஆர்' போன்ற இரட்டைகளுக்கும் முதலாவதன் பின்னால் வருவது எதுவோ இரண்டாவதன் பின்னாலும் அதே இனம் வர வேண்டும் என்பதோடு விஷயம் முடிந்தது. அவற்றைப் பற்றி வளர்ப்பதற்கில்லை.

பிள்ளைகளைக் கூட்டிப் போக வரும் பெற்றோரில் ஒருவர் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்: "சார், எம்.பி.ஏ. போறதுக்கு எழுதற ஜிமேட்லயே இந்த சென்டென்ஸ் கரெக்‌ஷனை எடுத்துட்டாங்களாமே? இப்போ கம்ப்யூட்டரே திருத்திக் குடுத்துடுது. எதுக்கு இவ்வளவு மெனக்கெடறீங்க?"

அவர் சொன்னதில் தவறில்லை. பல்லாண்டுகள் அந்தத் தேர்வின் முதுகெலும்புகளில் ஒன்றாக இருந்த அந்தப் பகுதி, 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் இல்லை. நம் நாட்டு வங்கித் தேர்வுகளிலும் எஸ்.எஸ்.சி.யிலும் வாக்கியத் திருத்தம் வேறு வேறு பெயர்களில் தொடர்கிறது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அது அவருடைய இரண்டாவது கேள்விக்குப் பதிலாகாது. கணினி இலக்கணத்தைத் திருத்தும். ஐந்து வினாடியில் மூன்றையும் 'இங்' ஆக்கித் தரும். நான் மனத்தில் நினைத்தது எது என்பதை நான் சொல்லாமல் அதற்கு எப்படித் தெரியும்? ஆந்தி வாக்கியங்கள் இரண்டையும் அதனிடம் கொடுத்தால் இரண்டிலும் பிழையில்லை என்றுதான் சொல்லும், சொல்லவும் வேண்டும்.

அவருக்கு நான் சொன்னது ஒரு பால் கம்பெனி வழக்கு. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் என்று ஒரு மாநிலம். அங்கே போர்ட்லாந்து நகரில் ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் நிறுவனம். அதன் வேன் ஓட்டுநர்கள் 2014-இல் வழக்குத் தொடர்ந்தார்கள். வாரத்துக்கு நாற்பது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி என்பது அந்த மாநிலச் சட்டம். ஆனால் உணவுப்பொருள் சம்பந்தப்பட்ட சில வேலைகளுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. விலக்குப் பட்டியல் இப்படிப் போகிறது: டின்னில் அடைத்தல், பக்குவப்படுத்தல், கெடாமல் காத்தல், உறையவைத்தல், உலர்த்தல், சந்தைப்படுத்தல், சேமித்தல், அதற்குப் பிறகு 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்'. 'ஷிப்மென்ட்' என்பதற்குப் பின்னால் காற்புள்ளி இல்லை.

வந்தது வம்பு. கம்பெனி சொன்னது: அனுப்புவதற்காகக் கட்டுதல் ஒன்று, விநியோகம் இன்னொன்று. ஓட்டுநர்கள் விநியோகம்தானே செய்கிறார்கள், ஆகவே கூடுதல் கூலி கிடையாது. ஓட்டுநர்கள் சொன்னது: அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ கட்டுதல் என்ற ஒரே வேலைதான் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. நாங்கள் எதையும் கட்டவில்லை, வண்டி ஓட்டுகிறோம். ஆகவே எங்களுக்கு விலக்கு பொருந்தாது.

இந்த வழக்கைப் பத்திரிகைகள் காற்புள்ளி வழக்கு என்றே எழுதின. எனக்கு அதைவிடச் சுவையாகப் பட்டது இணையமைப்பு பற்றிய வாதம். பட்டியலில் உள்ள ஏழு வேலைகளும், எட்டாவதான 'பேக்கிங்' என்பதும் 'இங்' ஈற்றுத் தொழிற்பெயர்கள். 'டிஸ்ட்ரிபியூஷன்' மட்டும் அப்படி முடியவில்லை. அதற்கு வடிவத்தில் ஒத்த சொல் 'ஷிப்மென்ட்' ஒன்றே. ஆகவே விநியோகம் கோத்துக்கொள்ள வேண்டியது பக்கத்தில் இருக்கும் 'ஷிப்மென்ட்' என்பதோடுதான், பட்டியலோடு அல்ல என்பது ஓட்டுநர் தரப்பு. கம்பெனியும் சளைக்கவில்லை. 'பேக்கிங்' என்பதுதான் கடைசி உறுப்பு என்றால் அதற்கு முன்னால் ஓர் 'ஆர்' வந்திருக்க வேண்டுமே, எங்கே அது என்று கேட்டது. நியாயமான கேள்வி! போதாததற்கு, மெய்ன் மாநிலத்தின் சட்ட வரைவுக் கையேடே பட்டியலின் கடைசி உறுப்புக்கு முன் காற்புள்ளி போட வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தது. கீழ் நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று.

மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017 மார்ச்சில் அதை மாற்றியது. வாக்கியம் இரு பொருள் தருகிறது. அப்படி ஐயம் வரும்போது கூலிச் சட்டத்தைத் தொழிலாளிக்குச் சாதகமாகவே கொள்ள வேண்டும் என்று ஓட்டுநர்கள் பக்கம் முடிவு செய்தது. அடுத்த ஆண்டு ஐம்பது லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. இதற்கிடையில் அந்த மாநிலச் சட்டமன்றம் வாக்கியத்தைத் திருத்தியது. உறுப்புக்கு உறுப்பு அரைப்புள்ளி வைத்தார்கள். கூடவே 'டிஸ்ட்ரிபியூஷன்' என்பதை 'டிஸ்ட்ரிபியூட்டிங்' என்று மாற்றினார்கள். விநியோகத்தையும் தனி வேலையாகக் கொள்வதே கருத்து என்பதை 'இங்' போட்டுத் தெரிவித்துவிட்டார்கள். நம் வகுப்பில் நாலு மதிப்பெண்ணுக்குச் செய்கிற அதே திருத்தம்.

இதைப் படித்தபோது எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. பவணந்தியார் எண்ணும் முறைகளைப் பற்றிச் சொல்லும்போது, 'உம்' போன்ற சில இடைச்சொற்களால் எண்ணினால் இறுதியில் தொகை வந்தாலும் வரலாம், வராமலும் இருக்கலாம் என்கிறார். ஆனால் எந்த இடைச்சொல்லும் இல்லாமல் பெயர்களை வெறுமே அடுக்கும் செவ்வெண்ணுக்குத் தொகை வந்தாக வேண்டும். நிலம், நீர், தீ, காற்று, வான் என்று நிறுத்தக் கூடாது. 'ஐந்தும்' என்று முடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் இதை நெட்டுருப் போட்டபோது, ஐந்து பெயரைச் சொன்ன பிறகு ஐந்து என்று வேறு எதற்குச் சொல்ல வேண்டும், எண்ணத் தெரியாதா என்று நினைத்திருக்கிறேன். மெய்ன் சட்டத்தின் கடைசியில் 'ஆகிய எட்டும்' என்றோ 'ஆகிய ஒன்பதும்' என்றோ ஒரு சொல் இருந்திருந்தால் அந்த வழக்கே வந்திராது. அங்கே சண்டையே உறுப்புகள் எட்டா, ஒன்பதா என்பதுதான். சுமார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய ஓர் இலக்கண ஆசிரியர், பட்டியலை எண்ணிக்கையால் பூட்டு என்று சொல்லிவைத்திருக்கிறார். சட்டம் எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள அறிவுரை கிடைப்பது அரிது.

ஆனால் அந்தத் தகப்பனாரிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

1994-இல் நான் இதே தில்லியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பணியில் இருக்கும்போது இறந்துபோன ஊழியர்களின் குடும்பத்துக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகை தருவதற்கு நலநிதித் திட்டம் ஒன்று வந்தது. சுற்றறிக்கையின் வரைவு என் மேஜைக்கு வந்தது. யாருக்குத் தரலாம் என்று கூட்டத்தில் முடிவானதை நான் என் மனத்தில் தமிழில்தான் வைத்திருந்தேன்: "விதவைகளும், அறுபது வயதுக்கு மேற்பட்ட பெற்றோரும்." அதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கினேன்: "விடோஸ் அண்ட் பேரன்ட்ஸ் அபவ் சிக்ஸ்டி இயர்ஸ் ஆஃப் ஏஜ்." மேலதிகாரி ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றாமல் கையெழுத்திட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மறு ஆண்டு நான் வேறு பிரிவுக்கு மாறிவிட்டேன். அங்கே ஒருநாள் ஒரு ஃபைல் விளக்கம் கேட்டு வந்தது. அறுபது வயது என்ற நிபந்தனை விதவைகளுக்கும் உண்டா என்பது கேள்வி. புரட்டிப் பார்த்தேன். முப்பத்துநான்கு வயதுப் பெண்மணி ஒருவர், இரண்டு குழந்தைகள், விண்ணப்பித்திருக்கிறார். அறுபது வயது நிறையவில்லை என்று விண்ணப்பம் திரும்பியிருக்கிறது. அவர் மறுபடி எழுதியிருக்கிறார், மறுபடி திரும்பியிருக்கிறது. மூன்றாவது முறை யாரோ ஒரு புண்ணியவான் 'விளக்கம் பெறலாம்' என்று குறிப்பெழுதியதால் அது என்னிடம் வந்தது. திருப்பி அனுப்பிய குமாஸ்தா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் வாக்கியத்தை அப்படியும் படிக்கலாம். 'அபவ் சிக்ஸ்டி' என்பது தனக்கு முன்னால் உள்ள 'பேரன்ட்ஸ்' என்பதோடு நிற்க வேண்டும் என்று இலக்கணத்தில் எங்கேயும் கட்டாயமில்லை. 'விடோஸ் அண்ட் பேரன்ட்ஸ்' என்ற ஜோடி முழுவதையும் அது தழுவலாம்.

அன்று இரவுதான் எனக்கு விளங்கியது, தவறு எங்கே நடந்தது என்று. தமிழில் அடைமொழி பெயருக்கு முன்னால் வரும். 'விதவைகளும், அறுபது வயதுக்கு மேற்பட்ட பெற்றோரும்' என்றால், வயது நிபந்தனை விதவைகளைத் தாண்டிய பிறகுதான் வருகிறது; பின்னோக்கிப் போய் அவர்களைப் பிடிக்க வழியில்லை. நான் நினைத்தது தெளிவான வாக்கியமே. ஆங்கிலத்தில் அந்த அடைமொழி பெயருக்குப் பின்னால் போய்விடுகிறது. போனதும், முன்னால் நிற்கும் இருவரையும் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. தமிழில் ஐயமில்லாத வரிசை ஆங்கிலத்தில் ஐயத்துக்குரியதாகிறது. வரிசையைத் தலைகீழாக்கி, 'பேரன்ட்ஸ் அபவ் சிக்ஸ்டி அண்ட் விடோஸ்' என்று எழுதியிருந்தால் தொல்லை இல்லை. அதே வரிசையைத் தமிழில் 'அறுபது வயதுக்கு மேற்பட்ட பெற்றோரும் விதவைகளும்' என்று சொன்னால் அங்கே ஐயம் வந்துவிடும்! கண்ணாடியில் இடம் வலமாவது போல.

விளக்கம் எழுதி அனுப்பினேன். திருத்திய சுற்றறிக்கை வந்தது. அந்த அம்மாவுக்குத் தொகை அனுமதிக்கப்பட்டது. ஆனால் அனுமதித்த தேதியிலிருந்துதான் பணம் தரலாம் என்பது திட்டத்தின் விதி. முதல் விண்ணப்பத்துக்கும் அனுமதிக்கும் இடையில் ஓடிப்போன ஏழு மாதத் தொகை அவருக்குக் கிடைக்கவே இல்லை. விதியைத் தளர்த்தலாமா என்று நான் எழுதிய குறிப்பு 'முன்னுதாரணமாகிவிடும்' என்ற ஒரு வரியோடு திரும்பி வந்தது. ஃபைலில் எங்கேயும் பிழை என்ற சொல் இல்லை. 'தெளிவுரை' என்றே இருந்தது. வாக்கியத்தை எழுதியவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சென்ற மாதம் அந்த வரியை, யார் எழுதியது என்று சொல்லாமல், கரும்பலகையில் எழுதி வைத்தேன். பிள்ளைகள் சிறிது நேரம் முழித்தார்கள். 'அண்ட்' இருக்கிறது, இரண்டு பக்கமும் பெயர்ச்சொல் இருக்கிறது, வடிவம் ஒத்திருக்கிறது, இதில் என்ன பிழை என்றார்கள். இது யாருக்கோ பணம் கொடுக்கிற உத்தரவு, முப்பத்துநாலு வயதில் ஒரு அம்மா வந்து கேட்டால் என்ன பதில் சொல்லுவீர்கள் என்று கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. பாதிப் பேர் கொடுக்கலாம் என்றார்கள், பாதிப் பேர் கூடாது என்றார்கள்.

ஆந்தி வாக்கியத்தைப் பற்றிக் கேட்ட அதே பெண், "ஆப்ஷன் ஏ, பி, சி எதுவும் குடுக்கலையே அங்கிள்?" என்றாள்.

"இதுக்கு ஆப்ஷன் கிடையாதும்மா. கொடுக்கணும்கிறதுதான் நினைச்சது. நீயே எழுது" என்று சாக்பீஸைக் கொடுத்தேன்.

அவள் எழுதினாள்: "விடோஸ் ஆஃப் எனி ஏஜ், அண்ட் பேரன்ட்ஸ் அபவ் சிக்ஸ்டி." நான் வரிசையைத்தான் மாற்றியிருந்தேன். அவள் வரிசையைத் தொடவே இல்லை. விதவைகளுக்கும் ஒரு வயதுக் குறிப்பைக் கொடுத்து இரண்டு பக்கத்தையும் இணையாக்கிவிட்டாள். அந்த மூன்று சொற்கள் எங்கள் திருத்திய சுற்றறிக்கையில்கூட இல்லை.